விநாசித்தம்பி ஒருமுறைதான் கேட்டார்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: ஜெலுத்தோங் சந்தையில் மீனுக்கு நின்றபோது காதில் விழுந்த பாதிக் கதை இது. மீதி என் புளுகு.

‘1998-ஆம் ஆண்டு, உலகமே ஒரு...’ (வேண்டாம். உலகத்தை யார் கேட்டார்கள்?)

நாகநாதன் ஜுரு தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, குவீன் ஸ்திரீட் மாடியில், கம்ப்யூட்டர் வழியாக வெளிநாட்டுக்குப் பேசவைக்கும் கம்பெனி திறந்தவன். முதலில் படிகொள்ளாத கூட்டம். குரல் விநாடிக் கணக்கில் பிந்தி வந்து தடுமாறத் தொடங்கியதும் எல்லாரும் நழுவிவிட்டார்கள். இந்த மாதமும் ஆள் வராவிட்டால் கதவைச் சாத்தவேண்டியதுதான்.

2

எழுபது குடும்பம் சேர்ந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர் விநாசித்தம்பி தன் மகள் யோகலட்சுமியோடு வருகிறார். லண்டன் தியாகராஜாவின் மகனுக்கு அவளைப் பேசவேண்டும். பையனை அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. (எனக்கெப்படித் தெரியும்? காலையிலிருந்து மூன்று புடவை மாற்றியிருக்கிறாள். மாற்றவைத்ததே நான்தானே!)

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: விநாசித்தம்பி வீட்டில் சம்பந்தம் கேட்பது ஒரேமுறைதான். உடனே ‘ஓம்’ என்று சம்மதம் வராவிட்டால் இல்லையென்று பொருள். மறுபடி கேட்பது மானக்கேடு.

3

நலம் விசாரிக்கும்வரை லைன் சுத்தமாக ஓடியது.

“அப்ப, உங்களுக்கு விருப்பந்தானே?” என்றார் விநாசித்தம்பி.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

ஒலியளவு பார்க்க இன்னொரு ஹெட்போன் மாட்டியிருந்த நாகநாதனுக்கு மட்டும் நான்காவது விநாடியில் கேட்டது: “எங்களுக்குப் பூரண சம்மதம் அண்ணை! அண்ணை, நிக்கிறியளோ?” அதோடு லைன் அறுந்தது.

(லண்டன்காரர் திருப்பிக் கூப்பிடமாட்டாரா என்கிறீர்களா? சம்மதம் சொன்ன வாய் மூடுமுன் போனை வைத்தவரையா? நன்றாகச் சொன்னீர்கள் போங்கள்!)

நாகநாதன் வாயெடுப்பதற்குள் விநாசித்தம்பி அவன் தோளைத் தட்டினார்.

“உங்க லைன் பிரமாதம்லா தம்பி! பக்கத்து வீட்டுல பேசற மாதிரி இருக்கு. அவங்களுக்குத்தான் விருப்பமில்ல போல, என்ன செய்யறது? ஞாயித்துக்கிழமை சங்கத்துல சொல்றேன். எழுபது குடும்பமும் இனிமே உங்ககிட்டதான்.”



4

முடிவு அ: அவன் உண்மையைச் சொல்கிறான், கிழவர் சிரித்துக்கொண்டே... (சிரிப்பாரா? கோளாறு லைன் என்று ஊரெல்லாம் சொல்வார்.)

முடிவு ஆ: அவன் வாய்திறக்கவில்லை. கம்பெனி செழிக்கிறது. (எழுதிவிட்டு எனக்கே சோறு இறங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இ: ஒன்றுமில்லை. அப்பா படியிறங்கிவிட்டார். யோகலட்சுமி மட்டும் வாசலில் நின்று திரும்புகிறாள்.

“அண்ணே, அவங்க நெசமாவே ஒண்ணும் சொல்லலியா?”

என்ன சொல்வதென்று நாகநாதன் என்னைக் கேட்கிறான். எனக்கு அந்தத் தைரியமில்லை, சாமி. நீங்களே சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம், அவள் ஒருகாலில் செருப்பை மாட்டிவிட்டாள்.