அவளுக்குப் பதிலாகச் சிரித்தவன்

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனை பெஞ்சில், என் வயிற்றெரிச்சலில் பிறந்தது. பக்கத்தில் இருந்த ஆள் போனில் சொன்னான்: "அதான் காதுல கேட்ட குரலெல்லாம் நின்னுடுச்சே. இன்னும் என்னவாம் அவளுக்கு?" அந்த 'அவள்', அவன் தங்கை, அவனுக்கு மறுபக்கம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வருவதெல்லாம் கற்பனை. கோபம் மட்டும் அசல்.

2

முதல் தொடக்கம்: வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம்...

(அடித்துவிட்டேன். மனச்சோர்வு என்றதும் மழையைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.)

இரண்டாவது: அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவள். மனச்சிதைவு வந்தபோது, யாருமில்லாத இடத்திலிருந்து குரல்கள் அவளைத் திட்டின. மாத்திரை அவற்றை அடக்கியது. அதற்கப்புறம்தான் சோர்வு வந்தது. பல் தேய்ப்பதே பெரும்பாடானது. கடைக்குப் போவது நின்றது. அவள் கத்தியபோது அலறியடித்து ஓடிவந்த வீடு, சத்தமில்லாமல் படுத்ததும் நிம்மதியானது. தொல்லை தராத நோயாளியை எல்லோருக்கும் பிடிக்கும்!

டாக்டரம்மா பழைய மாத்திரையோடு சோர்வுக்கென்று இன்னொன்று எழுதினார். கூடவே கணினியில் ஒரு மனப்பயிற்சி. மனதில் ஓடும் எண்ணத்தைத் தட்டச்சு செய்து, அது உண்மைதானா என்று தானே விசாரித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் அழுமூஞ்சி, சிரித்த மூஞ்சி என்று வரிசையாக வரும். தனக்குப் பொருந்துவதைத் தொட வேண்டும். தொட்டது டாக்டரம்மாவின் திரைக்குப் போய்ச் சேரும்.

"ரெண்டையும் சேர்த்தே பண்ணிப் பார்ப்போம்மா," என்றார்.

3

(அண்ணனை வில்லனாக்க ஆசைதான். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தங்கையின் துணிகளைத் தானே இஸ்திரி போட்டு மடித்து வைப்பவனை என்ன செய்வது?)

அவள் பயிற்சியைத் தொடவே இல்லை. ஏன் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அண்ணனுக்குக் கூச்சமாகிவிட்டது. அவனே கணினி முன் உட்கார்ந்து, அவளுக்குப் பதிலாகத் தினமும் சிரித்த மூஞ்சியைத் தொட்டான். டாக்டரம்மாவின் திரையில் அவள் தேறிக்கொண்டே போனாள். நேரில் கேட்டபோதும் "நல்லாத்தான் இருக்கா டாக்டர்" என்று அவனே முந்திக்கொண்டான். சோர்வு மாத்திரை குறைக்கப்பட்டது. அவள் இன்னும் கீழே போனாள்.

(எதிரே இருந்த முகத்தை விட்டுவிட்டுத் திரையை நம்பிய டாக்டரம்மாவையும் நான் சும்மா விடுவதாக இல்லை.)

4

ஒரு பகலில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் நின்றுவிட்டாள். அண்ணன் ஒற்றை விரலால் தட்டியபடி, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான்: "இன்று... பூக்களைப் பார்த்து... மகிழ்ந்தேன்."

"எந்தப் பூண்ணா?"

அவன் தூக்கிவாரிப்போடத் திரும்பினான். "இல்லம்மா... நீ தூங்கிட்டு இருந்தே..."

"தூங்கல. எழுந்திருக்க முடியாம கிடந்தேன். அதை எழுத உனக்குக் கை வரல. பூ மட்டும் வருதா?"

"எல்லாரும் கேக்கறாங்க. நீ நல்லாயிட்டேன்னு யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சும்மா."

"இத்தனை நாள் யார் யாரோ என் காதுல பேசினாங்க. இப்ப நீ என் வாயாலயே பேசறியா?"



5

மறுநாள் மருத்துவமனையில் அண்ணனை வெளியே நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

"அந்தச் சிரிச்ச மூஞ்சியெல்லாம் எங்க அண்ணனோடது டாக்டர். மாத்திரையைக் குறைக்கணும்னா அவருக்குக் குறைங்க."

டாக்டரம்மா திரையை அணைத்தார். "உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு."

மாத்திரை பழைய அளவுக்குத் திரும்பியது. பயிற்சி முதல் பாடத்திலிருந்து. அவளே தட்டினாள்: 'இன்று குளிக்கவில்லை.' அழுமூஞ்சியைத் தொட்டாள். "முயற்சிக்குப் பாராட்டுகள்!" என்று மணியடித்தது கணினி.

"உன் பாராட்டை யார் கேட்டா?" என்று சிடுசிடுத்தாள். ஆனாலும் அடுத்த கேள்விக்குப் போனாள்.

6

முடிவு ஒன்று: மருந்தும் பயிற்சியும் பலித்து, அவள் ஒரு காலையில் வாய்விட்டுச் சிரி...

(முடியாது. அந்தச் சிரிப்பை நான் எழுதினால், அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?)

முடிவு இரண்டு: எதுவும் பலிக்கவில்லை.

(இதைச் சொல்லவும் நான் யார்?)

எப்படி இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் அவளிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும். அதுவரை வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.