உக்கிரபாண்டி கேட்ட சத்து மாத்திரை

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. 1983இல் விளாங்குடி மருந்துக்கடையில் இருமல் மருந்துக்காக நின்றேன். பக்கத்தில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, ஆம்பளைகள் தினமும் சாப்பிடுகிற சத்து மாத்திரை எது நல்லது என்று கேட்டார். பெயர் தெரியாது. உக்கிரபாண்டி என்று வைத்துக்கொள்கிறேன்.

(முதலில், 'மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில்' என்று தொடங்கினேன். அன்று மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

2

உக்கிரபாண்டி பம்புசெட் மெக்கானிக். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அத்தனை வருடமும் மருந்து தின்றவள் மனைவி மாயக்காள். போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, வீட்டுக்காரரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். அன்றிலிருந்து அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

(இங்கே 'கோழை' என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பயந்திருந்தான், அவ்வளவுதான்.)

3

கடையில் மருந்து கொடுப்பவர் சீனியம்மாள். சிவப்பு மாத்திரை, இரண்டு நிறக் கேப்சூல், ஒரு டானிக் பாட்டில் என்று எடுத்து வைத்தார். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதற்காக என்று அவர் கேட்டதற்கு அசதி என்றான். கொஞ்ச நேரம் கழித்து, நான் நிற்பதையும் மறந்து, உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"அண்ணே, என்ன குறைன்னு தெரியாம நான் எதக் குடுக்க? மொதல்ல டெஸ்ட் எடுங்க."

"வலிக்குமா தாயி?"

"வலிக்காது. வெக்கமாத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரரும் போயிட்டு வந்தவருதான்."

(இது என் கற்பனை இல்லை. என் காதால் கேட்டது.)

அவன் எதுவும் வாங்காமல் போனான்.

4

இனி நடந்ததற்கு நான் சாட்சி இல்லை, எல்லாம் புனைவு. ஒரு பிரதியில் அவன் வாசலிலேயே உடைந்து அழு... வேண்டாம். இதை வைத்துக்கொள்கிறேன்:

மாயக்காள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."

அவள் கை நின்றது. திரும்பாமலே கேட்டாள்.

"வெள்ளச் சட்டையத் தொவச்சுப் போடவா?"

"ம்" என்றான். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

5

பிள்ளை பிறந்ததா? பிறந்ததாக ஒரு முடிவு எழுதினேன், பிறக்காததாக ஒன்று. இரண்டையும் கிழித்துப் போட்டேன். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பரிசோதனைச் சீட்டில் என்ன வேண்டுமானாலும் வரட்டும். அதைக் கேட்க அவளை மட்டும் தனியாக அனுப்பிவிடாதீர்கள்.