அக்காவின் தோளும் ஒரு சீலிங்கும்

1
இந்தக் கதை ஒரு சீப்பில் பிறந்தது. "நீயே வாரி விடுடி," என்று அக்கா என்னிடம் நீட்டினாள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அவளுக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: 'அவள் கை ஒடிந்த அன்று மழை.' கை ஒடியவுமில்லை, மழையும் இல்லை. அடித்துவிட்டேன்.

2
சுவருக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள், சீலிங்குக்கு அக்காதான். ஒரு சொட்டு கீழே விழாது. வலி வந்ததும், பெயிண்டர்கள் வழக்கப்படி, நிறைந்த வாளியை அந்தக் கையில் தொங்கவிட்டாள். பிடிப்பு இறங்கிவிடுமாம்!

அக்காவின் கணவரை, அதாவது மாமாவை, வில்லனாக்கப் பார்த்தேன். 'இனி ஏணி ஏறினால் காலை…' (பாதியில் விட்டேன். வாளியைப் பிடுங்கிவிட்டு அவளை மருத்துவமனைக்கு இழுத்துப்போனதே அவர்தான்.)

3
பிசியோதெரபி அம்மா தோளின் முன்பக்கம் அழுத்தினார்.

"ஐயோ!"

"புஜத்துத் தசையோட நாண் இங்கதான் மேலேறி, தோள்கிண்ணத்தோட விளிம்புல கட்டியிருக்கு. கிண்ணம் ஆழமில்ல. கை எலும்போட பந்து அதுலேர்ந்து நழுவாம இருக்க இதுவும் ஒரு பிடி. நீங்க அதுலயே வாளிய மாட்டியிருக்கீங்க!"

"அறுந்துடுச்சாங்க? இனி சீலிங் அடிக்க முடியாதா?"

"நைஞ்சிருக்கு, அறுந்துடல. சுத்தியிருக்கற தசைங்க சுமைய வாங்கிக்கப் பழகணும். பொறுமை இருக்கா?"

"அது மட்டும் இல்லீங்க," என்றார் மாமா.

(அடிக்குறிப்பு மாதிரி: அந்த நாண் எவ்வளவு தாங்குகிறது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வழக்கு தீரவில்லையாம். நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.)

4
மாதக்கணக்கில் ரப்பர் பட்டையை இழுத்தாள்.

"பட்டை அறுந்தாலும் உன் பிடிவாதம் அறாது," என்றார் மாமா.

"வாய மூடிட்டு அந்த முனைய இறுக்கிப் புடிங்க."

5
முடிவு ஒன்று: அக்கா சுவர் அடிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். எழுதும்போதே என் கை கூசியது.
முடிவு இரண்டு: பழையபடி ஒரே மூச்சில் மண்டபம் முழுக்க அடித்தாள். அதுவும் பொய், இப்போது நீளக் கம்பில் உருளையை மாட்டி, இடையிடையே கையை இறக்கி ஆற்றிக்கொள்கிறாள்.

ஆனால் இதோ, சாரத்தின் மேல் நிற்கிறாள். வலது கை தலைக்கு மேலே, நெட்டுக்குத்தாக!

"எல்லாரும் ஏன்டா சீலிங்க பார்க்கறீங்க? என் கையப் பாருங்கடா!"

கீழே நின்ற மற்ற பெயிண்டர்களிடம் ஒரே கைதட்டல். மாமா விசிலே அடித்துவிட்டார்.

பாதி சீலிங் மிச்சமிருக்கிறது. நான் முற்றுப்புள்ளி வைத்தால் அவள் இறங்க வேண்டிவரும். வைக்கமாட்டேன். திட்டு வாங்கத் தெம்பிருந்தால், நீங்களே அவளை இறங்கச் சொல்லிப் பாருங்கள்