செல்லப்பா கடைப் பலகை

பாவாடை தைக்கிற மதினி, அடிக்கரைக்கு வெட்டி மிஞ்சிய பட்டைத்துணிகளை ஒரு மூட்டை நிறைய முப்புடாதிக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். எல்லாம் நாலு விரல் அகலம். போர்வை தைக்கலாமென்று தரையில் நெடுக அடுக்கிப் பார்த்தால், கல்யாணப் பந்தலில் கட்டுகிற துணி மாதிரி வெறும் கோடு கோடாக இருந்தது. கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். மூன்று நாளாக இதே கூத்துதான். எரிச்சலில் மூட்டையை எட்டி ஒரு உதை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

எதிரே செல்லப்பா அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை அடைத்துக்கொண்டிருந்தார். கதவுப் பலகைகள் வரிசை மாறாமலிருக்க, அவற்றின் குறுக்கே சாய்வாக ஒரு பச்சைக் கோடு அடித்திருந்தார். கண்ணில் புரை விழுந்தபின் அந்தக் கோடே அவருக்குத் தெரிவதில்லை. பலகைகளை மாற்றி மாற்றி மாட்ட, கோடு துண்டு துண்டாகி மேலும் கீழும் துள்ளியது. போகிறவர்கள் சிரித்தார்கள்.

முப்புடாதி சிரிக்கவில்லை. உள்ளே ஓடினாள். பட்டைக்கு ஒரு பச்சைத்துண்டு வைத்தாள், ஒன்றில் மேலே, அடுத்ததில் கீழே. அவ்வளவுதான், போர்வை வந்துவிட்டது.

தைத்து முடித்ததும் அண்ணாச்சி கடையில் கொண்டுபோய் விரித்தாள்.

“உங்க பலகையப் பாத்துத்தான் தச்சேன் அண்ணாச்சி. நீங்க நல்லாருக்கணும்.”

அவர் துணியைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இதுக்குத்தான் வீட்ல தினமும் ஏச்சு வாங்குதேன் தாயி” என்றார்.

மறுநாள் அவர் மகன் பலகைகளில் அவர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக நம்பர் எழுதிவிட்டுப் போனான். மத்தியானம் முதல் பலகையைக் கையில் எடுத்த அண்ணாச்சி, எதிர்வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“தாயி, இன்னைக்கு எப்படி மாட்டட்டும்?”