ஏழாம் எண் முத்திரை

பதினோரு மணிக்கெல்லாம் ஹைதராபாத் குஷாய்குடாவில் இருந்த அந்த ஷெட்டின் தகரக் கூரை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. மே மாதம். மின்விசிறியைப் போட்டால் சால்டரிங் அயர்னின் முனை ஆறிப்போகும் என்பதால் வேலை நேரத்தில் விசிறி கிடையாது. நீள மேஜையின் இரு பக்கமும் பதினாலு பெண்கள் குனிந்து உட்கார்ந்து, பச்சை போர்டுகளில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்கள். புகை மூக்கில் ஏறாமலிருக்க ஆளுக்கொரு துணியை வாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பேச்சு மட்டும் துணிக்குள்ளிருந்தே வந்துகொண்டிருந்தது.

வசந்தி அவர்கள் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷம் முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது லைன் சூப்பர்வைசர். ஜன்னலோர ஸ்டூலுக்கு வந்ததும் நின்றாள். அங்கே அன்னம்மாள், போர்டை முகத்துக்கு வெகு கிட்டத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளுக்கா."

அன்னம்மாள் எழுந்து, சும்மா போர்டுகளைத் துடைப்பது போல ஓரமாக நின்றாள். வசந்தி உட்கார்ந்து, போர்டின் ஓரத்திலிருந்த நாற்பது கால் கனெக்டரை வரிசையாகச் சால்டர் செய்தாள். எறும்புக் கால் மாதிரியான கம்பிகள். மற்ற பெரிய கால்களையெல்லாம் அன்னம்மாள் கை தடவியே செய்துவிடுவாள். இந்த வரிசை மட்டும் அவளுக்கு ஆகாது. இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றரை வருஷமாக வசந்திதான் செய்துகொடுத்துவந்தாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கோக்கா, இப்படியே எத்தனை நாள் ஓட்டுவ?"

"ஒரு மாசம் அயர்னைத் தொடக்கூடாதுன்னுதான டாக்டரு சொல்லுதாரு? ஒரு மாசத்துல என் ஸ்டூல்ல வேற ஒருத்தி உக்காந்திருப்பா. மவன் பம்பாய்க்குப் போனவன் போனவன்தான். மருமவளும் ரெண்டு புள்ளைகளும் யாரு கைய பாக்கும்?" திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் அன்னம்மாளின் பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

செய்து முடித்த போர்டின் மூலையில் அன்னம்மாள் தன் ரப்பர் முத்திரையைக் குத்தினாள். வெள்ளை மையில் ஏழு.

அந்த முத்திரைகள் வந்த கதை வேறு. முதலாளி அருணாசலம் அடிப்படையில் நல்ல மனிதர். பக்கத்துப் பெரிய அரசு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் எஞ்சினியராக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கி, அந்தப் பணத்தைப் போட்டு இந்த ஷெட்டைத் தொடங்கியவர். இரண்டு வருஷம் முன்னால் ஹைடெக் சிட்டிப் பக்கம் ஒரு ஸ்டார் ஹோட்டலில், சிறு தொழிலில் ஆட்களை நடத்துவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு நடந்தது. போய் வந்தவர், ஒரு தோல் பையோடும் பதினாலு முத்திரைகளோடும் வந்து நின்றார். "யாரு செஞ்ச வேலைன்னு தெரிஞ்சாத்தான் பொறுப்பு வரும்" என்றார். பெஞ்சிலிருந்த ஜுலைகா தன் முத்திரையை உள்ளங்கையில் குத்திப் பார்த்துச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் பெஞ்சின் பழக்கம் முத்திரையைவிடப் பழையது. ஒருத்தி விரலைச் சுட்டுக்கொண்டால் பக்கத்துக்காரி செய்வாள். மசக்கைக்காரிக்குப் புகை ஒத்துக்கொள்ளாவிட்டால் எதிர் ஸ்டூல்காரி செய்வாள். கை யாருடையதானாலும், முத்திரை ஸ்டூலுக்குரியவளுடையது. வேலை நேரத்துக்கு முடிகிறதல்லவா என்று வசந்தியும் விட்டுவிட்டாள். இதை அருணாசலத்திடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினொன்றரைக்கு அவருடைய கார் வந்து நின்றது. டிரைவரும் வாட்ச்மேனுமாக இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். போன மாதம் அனுப்பி, இப்போது திரும்பி வந்த சரக்கு. பெட்டியின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது.

"வசந்தி, இங்க வாம்மா." அருணாசலம் ஒரு போர்டை எடுத்து, நாற்பது கால் வரிசையைப் பேனாவால் காட்டினார். "பாக்கறதுக்கு ஈயம் பிடிச்ச மாதிரி இருக்கு. தொட்டா ஆடுது. உள்ள ஒட்டவே இல்ல. மொத்தம் பத்தொம்பது போர்டு. பத்தொம்பதுலயும் இதே வரிசை, இதே முத்திரை."

 அந்த நாள் வசந்திக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. ஏப்ரல் ஒன்பது, வியாழன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகள் தாரிணியிடமிருந்து போன் வந்தது. கேம்பஸில் அவளை எடுத்திருந்த கம்பெனி, வேலையில் சேருவதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டதாக மெயில் அனுப்பியிருந்தது. பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "அழாதடி, அழாதடி" என்று சொல்லியபடியேதான் வசந்தி அந்த வரிசைகளைச் செய்தாள். அயர்ன் சூடேறியிருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.  சாயங்காலம் லாரி வந்துவிடுமே என்ற அவசரம் வேறு.

"ஏழாம் நம்பர் யாரு?" என்றார் அருணாசலம்.

அன்னம்மாள் எழுந்து நின்றாள்.

அருணாசலம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் ஸ்டூலுக்குப் போய், ஒரு போர்டைக் கையில் கொடுத்து, "இந்தச் சிப் மேல என்ன நம்பர் எழுதியிருக்கு, படிங்கம்மா" என்றார்.

அன்னம்மாள் போர்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பதிமூன்று பேரும் அயர்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருத்தி மெல்ல அந்த நம்பரைச் சொல்லிவிடமாட்டாளா என்று வசந்திக்கு இருந்தது. ஒருத்தியும் சொல்லவில்லை.

"தெரியல சார்," என்றாள் அன்னம்மாள்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"ஏம்மா சொல்லல? இது ரயில்வே சிக்னல்ல போற போர்டு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" அருணாசலம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வசந்தியின் பக்கம் திரும்பினார். "தினம் பின்னாலயே நடக்கறயே, உனக்கும் தெரியாதா?"

அன்னம்மாள் வசந்தியைப் பார்த்தாள். பார்வை மங்கியவள்தான், ஆனாலும் நேராகத்தான் பார்த்தாள்.

"தெரியாது சார்," என்றாள் வசந்தி.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. அருணாசலம் தலையாட்டிக்கொண்டே ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. தண்ணீர்த் தொட்டி பக்கம் கை கழுவப் போன வசந்தியின் பின்னாலேயே ஜுலைகா வந்தாள். ஆம்பூர்க் குடும்பத்துப் பெண்; பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத். 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று உருது கலந்துதான் பேசுவாள்.

"கைக்கு தெரியாதுன்னு சொன்னீங்க மேடம்? அந்த வரிசை நீங்க பண்றதுதானே?"

"மெல்லப் பேசுடி."

"ஹவ், மெல்லமாத்தான் பேசறேன். ஆனா போய்ச் சொல்லிடுங்க. பாவம் மேடம் அது."

"நீ வேணா வந்து சாட்சி சொல்றியா?"

ஜுலைகா குழாயை மூடினாள். "நக்கோ மேடம். என்னோடதும் நாலு தரம் மத்தவங்க பண்ணியிருக்காங்க. என்னை இழுக்காதீங்க." துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்னம்மாள் சைக்கிள் ஷெட் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள், சாப்பிடவில்லை. புளிசாதத்தின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. வசந்தி பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா…"

"வேல போறது போகட்டும்ட்டி. என்னைக்கிருந்தாலும் போறதுதான்." அன்னம்மாள் சாதத்தின் மேலிருந்த ஈயை விரட்டினாள். "தெரியாதுன்னியே. ஒன்றர வருசம் என் ஸ்டூல்ல உக்காந்து செஞ்சவ, தெரியாதுன்னியே. அதத்தான் என்னால தாங்க முடியல."

 "பயந்துட்டேன்க்கா. வீட்டுக்காரருக்கும் இப்ப கம்பெனி டிரிப்பு இல்ல, கார் சும்மா நிக்குது. தாரிணி வீட்டுல உக்காந்திருக்கா. வண்டிக் கடனுக்குப் பேங்க்குல இருந்து ஆள் வரான். நானும் போயிட்டா என்னக்கா பண்றது?"

"நான் என்ன பண்ணுவேன்னு நீ கேக்கலியே."

 அன்னம்மாள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். வசந்தி எழுந்து நின்றாள். மனசு தாங்கவில்லை. "ஆனது ஆகட்டும்க்கா, போய்ச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்கு நடந்தாள். கதவைத் தள்ளித் திறந்தாள்.

அருணாசலம் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டிருந்தார். "வா, உக்காரு. நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"சார், அந்த வரிசை வந்து…"

"இரு, இதைக் கேளு முதல்ல." அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "கஸ்டமர் ரெண்டே கேள்வி கேக்கறான். தப்பு ஒரு ஆளோடதா, இல்ல உங்க லைனோட வழக்கமா? ஒரு ஆள்னா, அந்த ஆளை எடுத்தாச்சுன்னு எழுதிக் கொடுத்தா விட்டுடுவான். வழக்கம்னு தெரிஞ்சா, ஆடிட் வருவான். முத்திரை ஒருத்தியோடது, கை இன்னொருத்தியோடதுன்னு ஒரே ஒரு போர்டுல தெரிஞ்சாலும் போதும், லிஸ்டுலேருந்து நம்ம பேரை அடிச்சிடுவான். இந்த வருஷம் வேற எவன் ஆர்டர் தரான் நமக்கு? பதினாலு பேருக்கும், உனக்கும் எனக்கும் சேர்த்து, ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீ என்னமோ சொல்ல வந்தியே?"

அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு நொடி வசந்திக்குச் சந்தேகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். சோர்ந்த, அறுபது வயது முகம். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பதினாலு பேருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பிற்பாடு எத்தனையோ முறை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த நிமிஷம் அவள் நினைத்தது பதினாலு பேரை அல்ல, தாரிணி ஒருத்தியை மட்டும்தான்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள்.

"அந்தம்மாவை நான் டிஸ்மிஸ் பண்ணல. பாவம், ஒன்பது வருஷம் வேலை பார்த்தவங்க. அவங்களாவே விலகற மாதிரி ஒரு லெட்டர் எழுதி வாங்கிடு. கண் பார்வை குறைவு, அதனால வந்த தப்புன்னு ஒரு வரி இருக்கணும், அது கஸ்டமருக்கு." ஒரு வெள்ளைத் தாளை உருவி அவள் முன்னால் வைத்தார். "கஷ்டமான பேச்சை லீடர் தானே போய்ப் பேசணும், வேற ஆளை அனுப்பக் கூடாதுன்னு அந்த டிரெயினிங்ல சொன்னாங்க. நீதான் அவங்களுக்கு லீடர். நீ சொன்னா கேப்பாங்க."

வசந்தி தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்னம்மாள் அதே இடத்தில்தான் இருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். வசந்தி தாளை ஒரு அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, என்ன எழுத வேண்டும் என்பதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

"சொல்லப் போறேன்னு போனியே," என்றாள் அன்னம்மாள்.

வசந்தி பேனாவை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள்.

அன்னம்மாள் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். பஸ் ஒன்று போயிற்று. பிறகு, "எனக்கு எங்க எழுதத் தெரியுது. நீயே எழுது" என்றாள்.

வசந்தி எழுதினாள். ஐ.டி.ஐ. படிப்பில் கற்ற இங்கிலீஷ், வரிக்கு வரி சரியாக வந்தது. கீழ்க்கண்ட பத்தொன்பது போர்டுகளை நானே செய்தேன். என் கண் பார்வைக் குறைவை மேலதிகாரியிடம் மறைத்தேன். இந்தத் தவறுக்கு நான் ஒருத்தியே பொறுப்பு. சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். கடைசி வரியை எழுதும்போது பேனா மை மக்கர் பண்ணியது. அதே எழுத்தின் மேல் இன்னொரு முறை ஓட்டினாள்.

"என்னட்டி எழுதியிருக்க? படி."

வசந்தி தமிழில் படித்துக் காட்டினாள். 'ஒருத்தியே' என்ற சொல்லைப் படிக்க முடியாமல் விட்டுவிட்டாள். ஷெட்டுக்குள்ளிருந்து, வசந்தி மேடம் எங்கே என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அன்னம்மாள் பேனாவுக்காகக் கையை நீட்டினாள். தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், மறுபடி பெட்டி மேல் வைத்தாள்.

"எங்க போடணும், தெரியலியே."

வசந்தி அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாளின் அடியில் கொண்டுபோய் வைத்தாள். ஈயச் சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரல். அன்னம்மாள் அந்த விரலை எடுக்காமல், அதன் ஓரமாகவே பேனாவை ஊன்றி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். கடைசி எழுத்து தாளைத் தாண்டி அட்டைப் பெட்டியின் மேல் விழுந்தது.

"சரியா விழுந்திருக்கா? பாத்துச் சொல்லு," என்றாள்.

"சரியா இருக்குக்கா," என்றாள் வசந்தி.