தீர்ப்பு எண் பதினைந்து

எனக்கு வாய் நீளம். இதை அம்மா சொன்னால் கோபம் வரும், மனைவி சொன்னால் சண்டை வரும், இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு விஷயத்தில் நான் சொல்வது சரி என்று தெரிந்துவிட்டால், எதிராளி ஒப்புக்கொள்கிற வரைக்கும் விடமாட்டேன். சரியாக இருப்பது மட்டும் எனக்குப் போதாது. அதை அவன் வாயால் கேட்க வேண்டும்.

சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயர் வினோத்குமார். நாகராஜ் அங்கேயே வேன் டிரைவர். காலை ஷிப்ட் ஆட்களை லாஸ்பேட்டையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவான். நாலு வருஷமாகக் காண்ட்ராக்ட்டில் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அடுத்த மாசம் பர்மனன்ட் ஆகிவிடும் என்று ஆபீஸில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் கார் ரேஸ் பைத்தியம். அப்படித்தான் பழக்கமே ஆனது.

மொத்தம் பதினோரு பேர் நாங்கள். தட்டாஞ்சாவடியில் ராஜ்கமலின் டயர் கடையில், ஞாயிற்றுக்கிழமை மாலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரில் மாட்டிய டிவியில் ரேஸ் பார்ப்போம். ராஜ்கமலின் சித்தி பாரிசில் இருக்கிறார். அவர் கட்டிய சந்தாவில்தான் எப்படியோ எங்களுக்கு ரேஸ் வருகிறது. அதனால் கமெண்ட்ரி முழுக்க பிரெஞ்சு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ராஜ்கமலின் தாத்தாவுக்கு அந்த நாட்டுப் பென்ஷன் வந்ததே தவிர, பேரனுக்கு வணக்கம் சொல்லும் ‘போன்ழூர்’ தாண்டி ஒரு வார்த்தை தெரியாது. இரண்டு கார் மோதிக்கொண்டால் டிவியில் அந்த ஆள் என்னென்னவோ கத்துவார். யார் மேல் தப்பு என்கிறார் என்று ஒருத்தருக்கும் விளங்காது. அதனால் தீர்ப்பை நாங்களே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தோம்.

நாளடைவில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சீட்டுக் குலுக்கி மூன்று பேரை எடுப்போம். அவர்கள்தான் அன்றைக்கு நடுவர்கள், ரேஸ் பாஷையில் ஸ்டூவர்டுகள். மோதலை நிறுத்தி நிறுத்திப் பார்த்து முடிவு சொல்வார்கள். அந்த முடிவுக்கு எண் போட்டு, நேரம் போட்டு, ஆபீஸ் பாஷையில் எழுதி வாட்ஸப் குரூப்பில் போடுவது என் வேலை. கம்பெனியில் தினமும் ‘நிராகரிக்கப்பட்டது, காரணம் பின்வருமாறு’ என்று எழுதிப் பழகிய கை. எல்லோரும் ரசித்தார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டை ஒரு வளைவில் வந்தது. நாகராஜுக்கு நீலக் கார் ஓட்டுகிறவன் என்றால் உயிர். எனக்குச் சிவப்பு. நீலம் வெளிப்பக்கம் போகிறது, சிவப்பு உள்பக்கம் நுழைகிறது. சிவப்பின் முன்சக்கரம் நீலத்தின் கண்ணாடி வரைக்கும் வந்தாயிற்று. நீலம் அதைக் கண்டுகொள்ளாமல் அப்படியே உள்ளே திருப்பியது. சிவப்புக் கார் சக்கரம் உடைந்து மணலில் போய் நின்றது. நீலம் முதலாவதாக வந்தும், அங்கே இருந்த நடுவர்கள் பத்து செகண்ட் பெனால்டி போட்டு அதை நாலாமிடத்துக்குத் தள்ளினார்கள்.

“உள்ள மூக்க நுழைச்சவன் மேலதான்டா தப்பு,” என்றான் நாகராஜ். “முன்னாடி போறவன், பின்னாடி எவன் வர்றான்னு பாத்துனே ஓட்டணுமா?”

“கண்ணாடி எதுக்குடா வச்சிருக்கான், தலை சீவவா?” என்றேன். “சக்கரம் கண்ணாடி வரைக்கும் வந்துட்டா எடம் விட்டே ஆகணும். அதான் ரூல்.”

அன்றைக்குச் சீட்டில் வந்தது நான், ராஜ்கமல், எங்கள் கம்பெனி டிஸ்பேட்ச்சில் இருக்கும் அஜித். ராஜ்கமல் நாகராஜ் பக்கம். நானும் அஜித்தும் சேர்ந்து இரண்டுக்கு ஒன்று. பெனால்டி சரியே என்று தீர்ப்பு எண் பதினான்கை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ‘கண்ணாடி இருந்தும் பார்க்காதது குற்றமே’ என்று கடைசியில் ஒரு வரி வேண்டுமென்றே சேர்த்தேன். நாகராஜ் தான் வாங்கிவந்த சமோசாவைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போய்விட்டான்.

மறுநாள் எனக்கு மதிய ஷிப்ட். காலையில் எழுந்து போனைப் பார்த்தால் குரூப்பில் அவன் ஒரு வரி போட்டிருந்தான்: ‘எங்க ஊரு ஸ்டூவர்டுங்களுக்குக் கண்ணு இல்ல, வாய்தான் இருக்கு.’ பல்கூடத் துலக்கவில்லை, உடனே அவனுக்குப் போன் அடித்தேன்.

“வண்டில இருக்கேன்டா,” என்றான். “காத்து அடிக்க ராஜ்கமல் கடைக்குப் போயினு இருக்கேன். அப்புறம் பேசு.”

“அப்புறம் என்னா அப்புறம்? ஒரே கேள்வி. சக்கரம் கண்ணாடி வரைக்கும் இருந்துச்சா இல்லியா?”

“டேய், வைடா. ஓட்டினு இருக்கேன்.”

“வைக்காத. பதில் சொல்லிட்டு வை. இருந்துச்சா, இல்லியா?”

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. காதில் மாட்டியிருந்த இயர்போனிலேயே கத்த ஆரம்பித்தான். நானும் கத்தினேன். இருந்தது, இல்லை, இருந்தது, இல்லை. திடீரென்று லைன் கட் ஆனது. பதில் சொல்ல முடியாமல் வைத்துவிட்டான் என்று நினைத்து எனக்கு இன்னும் சூடு ஏறியது. மறுபடியும் இரண்டு தடவை அடித்தேன். அவன் எடுக்கவில்லை.

எப்படி எடுப்பான்? ராஜ்கமல் கடைப் பக்கம் வேனை இடதுபுறம் திருப்பும்போது, பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒரு ஸ்கூட்டியை இடித்துத் தள்ளியிருந்தான். ஓட்டிவந்தது எங்கள் கம்பெனி பேக்கிங்கில் வேலை செய்யும் பாக்யலட்சுமி அக்கா. பெண்ணைக் காலை டியூஷனில் விட்டுவிட்டு நேராக வேலைக்கு வருகிறவர். வேனில் அப்போது ஆள் இல்லை.

குரூப்பில் எங்களுக்கு முதலில் வந்த சேதி, அக்காவுக்கு லேசான சிராய்ப்பு என்பதுதான். பத்து மணிக்கு ராஜ்கமல் தன் கடை கேமராவில் பதிவானதை எடுத்துப் போட்டான். நாகராஜ் மேல் தப்பில்லை என்று காட்டத்தான் போட்டான், பாவம். ‘பாருங்க, அந்தம்மாதான் உள்ள நுழையறாங்க’ என்று கீழே எழுதியும் இருந்தான். போதாதா எங்களுக்கு? உள்பக்கம் யார், வெளிப்பக்கம் யார் என்று ஆளாளுக்கு நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ரோட்டில் ஒரு பெண்பிள்ளை விழுந்து கிடக்கிறாள், நாங்கள் சக்கரம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தோம்.

நான் அளந்தேன். ஸ்கூட்டியின் முன்சக்கரம் வேனின் இடதுபக்கக் கண்ணாடிக்கு நேராக இருந்தது, இரண்டு முழு செகண்ட். அதைப் பார்த்ததும் எனக்குள் வந்தது சந்தோஷம். இதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது, ஆனால் சந்தோஷம்தான். மாட்டினான்டா என்று நினைத்தேன். உட்கார்ந்து எழுதினேன்:

‘தீர்ப்பு எண் 15. நேரம் காலை 7.12. உள்பக்க வாகனத்தின் சக்கரம் வெளிப்பக்க வாகனத்தின் கண்ணாடி வரை வந்திருந்தது தெளிவாகத் தெரிகிறது. வெளிப்பக்க வாகனம் இடம் விடாமல் திருப்பியது. முழுப் பொறுப்பும் வெளிப்பக்க ஓட்டுநருடையதே. பெனால்டி: பத்து செகண்ட், ஒரு பிளேட் சமோசா.’

சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன. நாகராஜிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம்தான் முழு விவரம் தெரிந்தது. அக்காவுக்குக் கணுக்கால் எலும்பு நொறுங்கி, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். பேக்கிங்கில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. இனி அந்தக் காலோடு நிற்க முடியுமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் போனை எடுத்து, நான் காலையில் பேசியது எத்தனை மணிக்கு என்று பார்த்தேன். 7.09. மூன்று நிமிஷம் பத்து செகண்ட். லைன் கட் ஆனது 7.12-க்கு. தீர்ப்பை அழித்தேன். அதற்குள் அஜித் யாருக்கோ அனுப்பி, அது கம்பெனி முழுக்கச் சுற்றி, எச்.ஆர். ஜெயசித்ரா மேடம் மேஜைக்கே போய்விட்டது.

விசாரணை மூன்று வாரம் கழித்து என்று சொன்னார்கள். அதுவரை நாகராஜ் வண்டியைத் தொடக் கூடாது. விசாரணைக்கு முந்தின நாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலிலேயே நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் பேசினான்.

“நீ எழுதுனது வெளாட்டுக்குன்னு சொல்லிடு வினோத். போன் மேட்டர மட்டும் வாயத் தொறந்துடாத. வெறும் ஆக்சிடென்ட்டுனா ஒரு மெமோவோட போயிடும். போனுன்னு தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனியும் என்னை வண்டியில ஏத்தாது.”

“சரிடா,” என்றேன்.

“நான் உன்னக் கொற சொல்ல வரல,” என்றான். அதுதான் தாங்கவில்லை.

விசாரணை மீட்டிங் ரூமில் நடந்தது. பாக்யலட்சுமி அக்கா வாக்கரைப் பிடித்து வந்து உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்காரர் வெளியே நின்றார். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் நாகராஜும். ஜெயசித்ரா மேடம் ஒரு தாளை எடுத்து என் தீர்ப்பை வரி விடாமல் வாசித்தார். சமோசா வரைக்கும் வாசித்தார். அந்தக் குரலில் அதைக் கேட்கையில் என் காது எரிந்தது.

“இது நீங்க எழுதுனதா?”

“ஆமா மேடம். வெளாட்டுக்கு எழுதுனது.”

“வெளாட்டுக்குன்னா, இதுல சொல்லியிருக்கறது பொய்யா?”

ஒருத்தனை மடக்கி மடக்கி ஆமாம் இல்லை கேட்கிறவன் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து இரண்டுமே வரவில்லை.

மேடம் நாகராஜ் பக்கம் திரும்பினார். “அந்த நேரத்துல போன் பேசினு இருந்தீங்களா?”

“இல்ல மேடம்.”

அப்போது பாக்யலட்சுமி அக்கா நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. நடந்ததை ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“மேடம், நான் ஒண்ணு சொல்லணும். வேன் கண்ணாடியில இவரு மொகம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. வாய் அசைஞ்சினே இருந்துச்சு, மொகமெல்லாம் கோவம். என்னத்தான் திட்டுறாருன்னு நெனச்சேன். திட்டுறாருன்னா என்னப் பாத்துட்டாருன்னுதான அர்த்தம்? பாத்துட்டாரு, எடம் வுடுவாருன்னு நம்பிதான் பிரேக்கே புடிக்கல. இவரு திட்டலன்னா நான் நின்னுருப்பேன்.”

நாகராஜ் தலையைக் குனிந்துகொண்டான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் உடைந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். என் பெயரை வெளியே விடாமல் மூன்று வாரமாக என்னைக் காப்பாற்றியவன் அவன். நானோ அவனைக் காப்பாற்றுவதற்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் அது சுத்தப் பொய் என்று எனக்கு உறைத்தது. நான் பயந்து போய் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

“உங்களத் திட்டலக்கா,” என்றேன். “என்னத்தான் திட்டினான். போன்ல நான்தான் இருந்தேன். வண்டி ஓட்டினு இருக்கேன், வைடான்னு ரெண்டு வாட்டி சொன்னான். நான்தான் வைக்க வுடல.”

நாகராஜ் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வேலை போய்விட்டது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. நான் போன் லாகைத் திறந்து மேடம் முன்னால் வைத்தேன். அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார், நிமிஷத்தைக் குறித்துக்கொண்டார். கம்பெனி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நாகராஜிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அவன் படித்துப் பார்க்காமலே போட்டான். போட்டுவிட்டு என்னைத் தாண்டிக் கதவைத் திறந்து வெளியே போனான்.

“எனக்கு என்னா மேடம்?” என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. “உங்களுக்கா? நீங்க அன்னிக்கு டூட்டியிலயே இல்ல. வீட்ல இருந்து போன் பேசுனதுக்கு கம்பெனி ரூல்ல ஒண்ணும் கெடையாது. நீங்க போலாம், ஷிப்ட்டுக்கு டைம் ஆச்சு.”

வெளியே வராந்தாவில் நாகராஜைக் காணவில்லை. பாக்யலட்சுமி அக்கா வாக்கரை ஒவ்வொரு அடியாகத் தூக்கி வைத்து வந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று அருகில் போனேன். அவரே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“வண்டி ஓட்டறவர வைக்காத வைக்காதன்னு புடிச்சு வச்சுப் பேசிருக்கியே தம்பி,” என்றார். “அப்படி என்னா சண்டை? வீட்ல எதுனா பிரச்சனையா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் மனசு அதிலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

“கார் ரேஸ் அக்கா,” என்றேன். “வெளிநாட்டுல நடந்துச்சு. டிவியில பாத்தோம். அதுல ஒருத்தனுக்குப் பத்து செகண்ட் பெனால்டி போட்டாங்க. அது சரியா, தப்பான்னு.”

அவர் தலையை ஆட்டினார். வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தையும் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றார்.