மேற்குச் சுவரைக் கேட்காமல் விட்டது

வேண்டிய புடவையை முதலில் தொடக்கூடாது. மயில்கழுத்து நிறத்தில் கண் இருந்தால், அரக்குப் புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, அதன் சரிகையை நோண்டி, அதற்காகவே அரை மணி நேரம் மல்லுக்கு நிற்க வேண்டும். கடைசியில் சலித்துப்போன மாதிரி எழுந்து, "சரி, வுடு. அந்த மயில்கழுத்தையாவது பாத்துக் குடு" என்றால், விற்பவன் ஆள் போய்விடுமோ என்று இறங்கி வருவான். காஞ்சிபுரத்தில் நடை பழகும்போதே இதுவும் பழகிவிடும். முப்பது வருஷமாக வெளியூர்க் கடைகளுக்குப் பட்டு பிடித்துக் கொடுக்கும் தரகன் நான். இந்த வித்தையில் புடவை எதையும் நான் கோட்டை விட்டதில்லை. ஒரு சுவரைத்தான் விட்டேன்.

திருப்புட்குழிக்கு அப்பால் ஒரு பழைய கிராவல் குவாரி. பதினாலு ஏக்கர். நாற்கரச் சாலைக்கு மண் தோண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். கிழக்குப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி ஒரு குட்டை. மேற்கில் நாற்பதடி உயரத்துக்கு வெட்டுச் சுவர். அதன் நடுவே வெள்ளையாக ஓர் அடுக்கு ஓடும். அந்தக் கல்லைப் பிளந்தால் உள்ளே இலை இருக்கும். மனுஷன் என்ற பிராணியே இல்லாத காலத்தில் உதிர்ந்த இலை, நரம்பு நரம்பாக, நேற்று அச்சுக் குத்தியதுபோல. மேலே ஒரு பொந்தில் கொம்பன் ஆந்தை ஜோடி. திருப்புட்குழியில் ஒரு பறவைக்குப் பெருமாளே ஈமக்கடன் செய்ததாகச் சொல்வார்கள். அதே ஊர்க்காரர்கள் ஆந்தை என்றால் காறித் துப்புவார்கள்.

இதையெல்லாம் எனக்குக் காட்டியவர் தேவசகாயம். அந்தக் குவாரியில் பொக்லைன் ஓட்டியவர்; இப்போது டிராக்டர் பழுது பார்க்கிறார். என் வண்டியை ரிப்பேருக்கு விட்ட இடத்தில் ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். அன்று தொடங்கிய பழக்கம். அந்தச் சுவரைக் காப்பாற்றச் சொல்லி ஆறு வருஷம் இருவரும் சேர்ந்து மனு எழுதினோம். பதில் வந்த மனுக்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிஞ்சும்.

கார்த்திகையில், அங்கே சரக்குக் கிடங்கு கட்டப்போவதாக ஒரு கம்பெனி வந்தது. வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். "நீதான் பேசற ஆளு, நீயே பேசு" என்றார் தேவசகாயம். எங்களுக்கு வேண்டியது மேற்குச் சுவர். ஆகவே நான் எழுந்து குட்டையைக் கேட்டேன்.

"குட்டைதான் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே உயிர்! அதில் கை வைத்தால் கோர்ட்டுக்குப் போவோம்!"

பத்து நிமிஷம் முழங்கினேன். அவர்கள் முடியாது என்பார்கள், நான் முறுக்கிக்கொள்வேன், கடைசியில் அலுத்துப்போய், "சரி, அந்தச் சுவரையாவது விடுங்கள்" என்று இறங்குவேன். கணக்கு இதுதான்.

திட்ட மேலாளர் வசந்த், கோயம்புத்தூர்க்காரர், எழுந்தார். "அவ்வளவுதானுங்களா? குட்டைய விட்டர்றோம்ங்க. லாரி வர்ற ரோட்டை மேக்கால திருப்பிக்கறோம்."

மண்டபமே கை தட்டியது. நடவடிக்கைக் குறிப்பில் என் பேரோடு ஏறிவிட்டது. மேற்கே ரோடு என்றால் சுவரை வெட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் தேவசகாயம் கேட்டார். "நாம பேசி வச்சது செவுரு. நீ கேட்டது குட்ட. இன்னாபா இது?"

"முதல்ல குட்டைய கேட்டு, அப்பால இறங்கி வரலாம்னு..."

"அவரு புடவ விக்கலபா."

நாலாம் நாள் வசந்தின் ஆபீசுக்குப் போய், மயில்கழுத்து முதல் அரக்கு வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப குட்டை வேண்டாமுங்களா?"

"குட்டையும் வேணும். செவுரும் வேணும்."

"இது ஆரம்ப விலைங்களா, கடைசி விலைங்களா?"

சத்தியம் செய்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "தப்பா நினைக்காதீங்க. நீங்க சொல்றதுல எதைப் பாதியாக்கறது, எதை அப்படியே எடுத்துக்கறதுன்னு எனக்குப் புரியலைங்க. உங்க கூட்டாளிகிட்டயே கேட்டுக்கறேன்."

தை மாசம் ஒரு காலையில் குவாரிக்கு வந்தார். குட்டையில் செல்லியம்மாளின் ஆடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கை தட்டியவள் அவள்தான்.

"ண்ணா, ஒன்னாலதான் இந்தத் தண்ணி தப்பிச்சிது. நல்லா இருப்ப" என்றாள். நான் அவள் ஆடுகளைப் பார்த்தேன்.

வசந்த் தேவசகாயத்திடம் சொன்னார். "வடக்கால அடுத்தவங்க பட்டா. தெக்கால கிடங்கு. ரோடு ஒண்ணு குட்டை மேல வரணும், இல்லைன்னா செவுத்தை வெட்டி வரணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, மாத்தி எழுதிக்கலாம்."

"என்ன ஏன் சார் கேக்கறீங்க? வித்தது அவரு" என்றார் தேவசகாயம், என்னைப் பார்க்காமல். பிறகு செல்லியம்மாளிடம் திரும்பினார். "ஏம்மா, இந்தக் குட்ட இல்லன்னா ஆட்டுக்குத் தண்ணி?"

"பக்கத்து ஏரியெல்லாம் மனைக்கட்டா ஆயிக்கினு இருக்குது. பாலாத்துல மணலு கூட இல்ல. நீ வந்து ஊத்துவியா?"

தேவசகாயம் சுவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் மெஷின் பல் பட்ட கீறல்கள் இன்னும் அதில் வரிவரியாக இருந்தன.

"குட்ட இருக்கட்டும் சார்."

நான் அவர் கையைப் பிடித்தேன். உதறவில்லை, மெதுவாக விடுவித்துக்கொண்டார். "பாதி இலைய ரோட்டுக்கு அடியில கொண்டுபோய்க் கொட்டினவன் நான்தான்பா. ஒன்ன மட்டும் சொல்லி இன்னா ஆவப்போவுது?"

பிறகு வசந்திடம், "பொந்துல ரெண்டு குஞ்சு இருக்குது. அதுங்க பறந்து போற வரிக்கும் மெஷின் வரக்கூடாது. ஏப்ரல் கடைசி" என்றார்.

"சரிங்க."

"அந்த வெள்ளக் கல்ல நாங்க எடுத்துக்கறோம்."

"சரிங்க. எழுதிக் குடுத்தர்றேன்."

ஜூன் வரை கேட்டிருக்கலாம் என்று என் நாக்கு துடித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கார் போனதும் சொன்னேன். "ஆட்சேபணை குடுக்க இன்னும் நாள் இருக்குது. கலெக்டர் ஆபீசுக்கு எழுதுவோமா?"

"எழுது. இந்த தபா இன்னா வேணுமோ அதையே எழுது. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

வண்டி சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினேன். குட்டை வேண்டும், சுவர் வேண்டும். நாலே வரி. என் வாழ்க்கையில் இவ்வளவு சின்ன மனு எழுதியதில்லை. ஆபீசில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

மாசி பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. பொந்துக்கு எதிர்முனையில், தினமும் வெயில் ஏறும் வரை, நானும் தேவசகாயமும் கல் எடுக்கிறோம். பத்துக்கு இரண்டு முழுசாக வருகிறது. மற்றவை கையிலேயே மாவாகிவிடுகின்றன. உளியின் தலையில் அவர் சாக்குத்துணி சுற்றிக் கொடுத்திருக்கிறார், குஞ்சுகள் மிரளாமல் இருக்க. முதுகு விட்டுப்போகிறது. தாய் ஆந்தை கண்ணை அரைகுறையாகத் திறந்து எங்களைப் பார்க்கிறது. நாங்கள் இன்னும் மெதுவாகத் தட்டுகிறோம்.